கிழித்துப் போடுவதும் ஒரு வியாபாரமா?

சித்தூரில் ஒரு கடையின் பின்சந்து. பையன் ஒருவன் தரையில் குந்தி உட்கார்ந்து, புத்தம்புதுப் பள்ளிக்கூடப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தான். கையில் அட்டைப்பெட்டி பிரிக்கிற கட்டர். முதலில் தோள்வார் இரண்டையும் அறுத்தான். அப்புறம் முன்பக்கத்தில் குறுக்காக ஒரு கீறல். ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. கிழிந்த பையும் அதன் விலைச்சீட்டும் சேர்ந்து தெரியும்படி செல்போனில் ஒரு போட்டோ. அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் கம்பெனி ஆளுக்குப் போகும், அங்கிருந்து கடைக்கு, அந்தப் பைகளின் விலையைக் கழித்துத் தரும் ‘கிரெடிட் நோட்’ வரும். பைகளில் ஒரு குறையும் கிடையாது. தையல் பிரியவில்லை, சாயம் போகவில்லை. போன வருஷத்து டிசைன், அவ்வளவுதான்.

“கிழிக்கிறதுக்குப் பதிலா நாலு பிள்ளைங்களுக்குக் கொடுத்தா என்னப்பா?” என்று கடை மேனேஜரிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. “சும்மா கொடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு எவன் சார் காசு கொடுத்து வாங்குவான்? மார்க்கெட்டே கெட்டுப்போயிடும்.”

மார்க்கெட் கெட்டுப்போயிடும். இந்த ஒரு வாக்கியத்தைச் செருப்புக்கடையில் கேட்டிருக்கிறேன், ரெடிமேட் கடையில் கேட்டிருக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு பன்னையும் பிரெட்டையும் கூடையோடு குப்பையில் கவிழ்க்கிற பேக்கரியில் கேட்டிருக்கிறேன். படித்தவர்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். பொருளாதாரம் தெரிந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, “அது அப்படித்தான் சார், பிராண்டு வேல்யூ போயிடும்” என்கிறார்கள். இன்ன ஊரில் இன்ன கடைக்காரர் மிச்ச சரக்கைத் தானம் செய்தார், அதனால் நொடித்துப் போனார் என்று ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள் என்று கேட்டால் ஒருவர் வாயிலிருந்தும் பதில் வருவதில்லை.

இது பொய் என்பதற்கு உதாரணத்தை நான் காட்டுகிறேன். தூரத்தில் தேட வேண்டாம். சித்தூரில் பஸ் ஏறினால் திருப்பதி. அங்கிருந்து மலை. மலைமேல் லட்டு.

2020 ஜனவரியிலிருந்து, தரிசனம் முடித்து வரும் ஒவ்வொரு பக்தருக்கும் ஒரு லட்டு இலவசம். தர்ம தரிசனத்தில் விடிய விடிய நின்றவருக்கும் உண்டு, பெரிய டிக்கெட்டில் வந்தவருக்கும் உண்டு. கூடுதலாக வேண்டுமென்றால் ஒரு லட்டு 50 ரூபாய். அதே நெய், அதே முந்திரி, அதே சமையலறை, அதே லட்டு. இலவசமாகவும் கிடைக்கிறது, விலைக்கும் விற்கிறது, அதுவும் ஒரே இடத்தில். மேனேஜர் சொன்னபடி பார்த்தால் அந்த 50 ரூபாய்க் கவுண்டர் என்றைக்கோ ஈயோட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? தினம் மூன்று லட்சத்துக்கு மேல் லட்டு பிடிக்கிறார்கள், அது போதவில்லை. கள்ளச்சந்தைக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் தேவஸ்தானம், தரிசன டோக்கன் இல்லாமல் லட்டு வாங்க வருபவர் ஆதாரைக் காட்ட வேண்டும், ஆளுக்கு இரண்டுதான் என்று கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. இலவசமாகக் கொடுத்த பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆதார் கேட்கிற அளவுக்குக் கூட்டம்!

‘அது சாமி பிரசாதம், வியாபாரத்தோடு ஒப்பிடலாமா’ என்பார்கள். பிரசாதத்தை விட்டுவிடுவோம், சோற்றைப் பார்ப்போம். 1985 ஏப்ரலில், என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, திருமலையில் நித்ய அன்னதானம் தொடங்கியது. தொடக்கத்தில் தினம் இரண்டாயிரம் பேர். 2011இல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் பெரிய அன்னப்பிரசாத மண்டபமே எழும்பியது. வெங்கமாம்பா இந்தச் சீமையின் தரிகொண்டா கிராமத்துப் பெண், கவிஞர். மலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டவர் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கூடத்தில் ஆயிரம் பேர் அளவுக்கு வரிசை வரிசையாக உட்காருகிறார்கள். தள்ளுவண்டியில் அண்டா வருகிறது. சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், ரசம், மோர். 2025இலிருந்து வடையும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து இலைக்காரர் கார் வைத்திருப்பவரா, மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து கால்நடையாக ஏறி வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது வருஷமாக நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு ஓசிச் சாப்பாடு.

இதனால் திருப்பதியில் எத்தனை ஓட்டல் மூடினார்கள்? ரயில் நிலையத்தில் இறங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிவதே ஓட்டல் போர்டுகள்தான். மலைமேலேயே, அன்னதானக் கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், காசு வாங்கும் ஓட்டல்கள் நடக்கின்றன. மதியம் இலவசப் பந்தியில் சாப்பிட்ட அதே குடும்பம் சாயங்காலம் கீழே இறங்கி நெய் ரோஸ்ட் வாங்கிச் சாப்பிடுகிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இலவசமாக வாங்குகிறவன் வேறு, காசு கொடுக்கிறவன் வேறு என்றுகூட இல்லை. பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான். வயிற்றுக்கு ஒரு சமயம், ஆசைக்கு ஒரு சமயம். சந்தை என்பது இதைத் தாங்காத பொருளா?

இது எதையும் வீணாக்காத ஊர். மொட்டை போட்டு விழுகிற முடியைக்கூடத் தேவஸ்தானம் குப்பையில் கொட்டுவதில்லை. தரம் பிரித்து மின்னணு ஏலத்தில் விற்கிறது. உண்டியலில் விழுந்த வாட்சும் செல்போனும் ஏலத்துக்குப் போகின்றன. சாமிக்கு வந்த வஸ்திரங்களும் அப்படியே. அந்த மலையைத் தினமும் பார்த்துக் கும்பிட்டுக் கடை திறக்கிறவர்கள், கல்லாவுக்கு மேல் வெங்கடேசர் படம் மாட்டி மாலை போடுகிறவர்கள், பின்சந்தில் பிள்ளைகளின் பையைக் கிழிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பிராண்டு வேல்யூ என்கிறார்களே, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடுவோம். லண்டனில் பர்பெர்ரி என்று ஒரு பெரிய கம்பெனி. 2018இல் வெளியிட்ட ஆண்டறிக்கையில், அந்த ஒரு வருஷத்தில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாக அவர்களே எழுதினார்கள். துணி, பை, வாசனைத் தைலம். மிச்சம் வெளியே போனால் கண்டவர்களும் மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஊர் உலகமெல்லாம் காறித் துப்பிய பிறகு அதே வருஷம் செப்டம்பரில் இனி அழிக்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். அழிப்பதை நிறுத்தியதால் அந்தப் பெயர் தெருவுக்கு வந்துவிடவில்லை. இன்றும் அவர்கள் சரக்கின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

‘கண்டவர்கள் போட்டுக்கொள்வார்கள்’ என்பதில்தான் விஷம் இருக்கிறது. இன்னார் காலில் செருப்புப் போடக் கூடாது, இன்னார் தோளில் துண்டு போடக் கூடாது என்று இந்த மண்ணில் சட்டம் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை ஒழிக்கத் தலைமுறை தலைமுறையாக அடிபட்டிருக்கிறோம். இப்போது அதையே சூட்டும் கோட்டும் போட்டவர்கள் ‘பிராண்டு’ என்று சொன்னால் தலையாட்ட வேண்டுமா? செங்கல் சூளைக்காரர் மகள் முதுகில் அந்தப் பை தொங்கினால் கம்பெனிக்கு மானம் போய்விடும் என்றால் அப்படிப்பட்ட மானம் போகட்டும்.

உண்மையில் ஒரு பெயரைக் கெடுப்பது தரம் பற்றிய சந்தேகம்தான். 2024 செப்டம்பரில் லட்டுக்கான நெய்யில் கலப்படம் என்று எழுந்த சர்ச்சை நாட்டையே உலுக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்தனை புயலிலும் லட்டுக் கவுண்டரில் வரிசை குறையவில்லை. அந்தச் சந்தேகத்தையே தாங்கி நின்ற பெயர், இலவசத்தால் சாய்ந்துவிடும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பைக்கே ஒரு உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, ஜெயலலிதா படமும் எடப்பாடி பழனிசாமி படமும் அச்சடித்த பள்ளிப் பைகள் சுமார் 65 லட்சம் கையிருப்பில் இருந்தன. மாற்றுக் கட்சித் தலைவர்களின் முகம். புதிதாக முதலமைச்சரான ஸ்டாலின் அவற்றை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். 13 கோடி ரூபாய் மிச்சம் என்று அமைச்சர் அன்பில் மகேஷ் சட்டமன்றத்தில் சொன்னார். எதிராளி முகத்தை லட்சக்கணக்கான பிள்ளைகள் முதுகில் சுமக்க ஒரு கட்சி சம்மதித்தது. தன் சொந்தப் பெயரை ஏழைப் பிள்ளை முதுகில் பார்க்க ஒரு கம்பெனிக்குச் சகிக்கவில்லை.

அரசுதான் பை கொடுக்கிறதே, உங்கள் பை யாருக்கு என்று அடுத்த கேள்வி வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள், சரி. முன்னூறு நானூறு ரூபாய் மாதக் கட்டணத்தில் ஓடும் சின்னத் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு யார் கொடுக்கிறார்கள்? வேலை தேடி வந்து கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குடியிருப்பவர்களின் பிள்ளைக்கு? நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற வீடுகளில் போய்க் கேளுங்கள். ஊருக்கெல்லாம் துணி நெய்கிறவர் வீட்டுப் பிள்ளை அண்ணன் போட்ட பழைய பையின் பிய்ந்த வாரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிறது.

அழிவு என்றாலே இந்த மாவட்டத்துக்காரனுக்கு மாம்பழம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 2025 ஜூன், ஜூலையில் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்கிறோமே அது, விலை விழுந்து கிடந்தது. கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலை 8, அரசு 4 என்று அறிவித்தார்கள். ஆலைகள் அந்த எட்டைக்கூடத் தரவில்லை என்று விவசாயிகள் கத்தினார்கள். பங்காருபாளையத்தில் பழங்கள் நடுரோட்டில் கொட்டப்பட்டு டயரில் நசுங்கின. கொட்டியது யார், கொட்டச் சொன்னது யார் என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. மாம்பழத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. மதனப்பள்ளித் தக்காளிக்கும் பல வருஷங்களில் இதே கதிதான். ஆனால் ஒன்று. விவசாயி கொட்டுவது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் போவதால். கொட்டியதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவருக்குக் கிரெடிட் நோட் அனுப்ப ஒரு கம்பெனியும் இல்லை. அவர் கொட்டினால் ‘உணவை வீணாக்குகிறார்கள்’ என்று டிவியில் உபதேசம். கடைக்காரர் கிழித்தால் அதற்குப் பெயர் வியாபார நுணுக்கம்!

அடுத்து ஆடிட்டர்கள் வருகிறார்கள். “சும்மா கொடுத்தா ஜிஎஸ்டி பிரச்சினை சார்.” எந்தப் பிரச்சினை? 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டம், 17ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவில் (எச்) பகுதியைப் பிரித்துப் படியுங்கள். தொலைந்த சரக்கு, திருடுபோன சரக்கு, அழிக்கப்பட்ட சரக்கு, கணக்கிலிருந்து தள்ளிய சரக்கு, அன்பளிப்பாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்த சரக்கு, எல்லாம் ஒரே வரிசை. எதற்கும் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது கிழித்தாலும் அந்த வரி போச்சு, கொடுத்தாலும் அந்த வரி போச்சு. கிழிப்பதால் அந்தக் கணக்கில் ஒரு பைசா லாபம் கிடையாது. ஆடிட்டர் இதைக் கடைக்காரருக்குச் சொன்னாரா?

உணவுக்காரர்களின் சாக்கும் இதே ரகம். யாருக்காவது வயிற்று வலி வந்தால் நாங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்பார்கள். மிஞ்சிய உணவை எப்படிச் சேகரிப்பது, எப்படிப் பகிர்வது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இலேயே விதிமுறை போட்டுவிட்டது. பிரான்சில் 2016இலிருந்து, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து துணிமணி போன்ற மற்றச் சரக்குக்கும் அங்கே தடை வந்துவிட்டது. விற்காத துணியையும் செருப்பையும் பெரிய கம்பெனிகள் அழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2026 ஜூலை 19 என்று தேதி குறித்தார்கள். பாரிஸ் கடைத்தெரு இழுத்து மூடப்பட்டதாகச் செய்தி உண்டா?

நம் சட்டத்தின் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு கோபம். பிள்ளைக்குக் கொடுத்த பையையும் திருடன் கொண்டுபோன பையையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைப் பிரிக்க வேண்டும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ விடுதிக்கோ ரசீதோடு கொடுத்த சரக்குக்கு வரிக் கழிவு உண்டு, கிழித்ததற்கு இல்லை என்று ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு திருத்தம் கொண்டுவரட்டும். பாதி கட்டர்கள் அன்றைக்கே பெட்டி பிரிக்கிற வேலைக்குத் திரும்பிவிடும். இதைக் கேட்க வேண்டியவர்கள் வணிகர் சங்கங்கள். வரி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி அவர்கள் மனுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், கடையடைப்பு நடத்திப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லிச் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு சங்கமும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.