வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் வந்த கிரெடிட் கார்டு கடன் கட்டுரையில் ஒன்று விடுபட்டுவிட்டது. ‘பாதி கட்டுங்க சார், முடிச்சிடலாம்’ என்பார் வசூல் முகவர். நம்பிக் கட்டினால், மீதியைக் கேட்டு வேறொருவர் அழைப்பார். வங்கிக்கே நேரடியாகக் கடிதம் எழுதுங்கள்: வேலை போனதால் கட்டமுடியவில்லை என்றால் அந்தத் தேதி, ஒரே தவணையில் தரமுடிந்த தொகை, எந்தத் தேதிக்குள் என்பது. ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். வங்கியின் சம்மதக் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டவேண்டாம். கட்டியதும் நிலுவையில்லாச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அப்படியும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றே பதியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடிக்கும். (முகவர் இதை மட்டும் சொல்லவே மாட்டார்!) இதில் சிக்கல் வந்து நீங்கள் வங்கிக்கு எழுதும் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம்.

- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை