பங்குக் கிணறும் சொந்தப் பெயரும்

"சிறிய வலைப்பதிவுகளுக்குத் தனிப் பெயர் எதற்கு? பெரிய நிறுவனமொன்றின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதாதா?" என வினவுவோர் நம்மிடையே பலர். "இவை பொறியியலாளர் தீர்மானிக்க வேண்டியவை, கலைப்பீடத்தாருக்கு இங்கு என்ன வேலை?" என்போர் அவரினும் பலர். இவ்விரு வினாக்களும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்களே. எழுதுவோர் தம் எழுத்தின் இருப்பிடத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை என்னும் அம்மனப்பான்மையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பெயரை நோக்குவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2004இல் தன் ஊழியர்க்கென ஒரு வலைப்பதிவுத் தளத்தைத் திறந்தது. ஜாவாவில் எழுதப்பட்ட ரோலர் என்னும் மென்பொருளே அதனை இயக்கிற்று. ஒரே நிறுவலில் பலருடைய பதிவுகளைத் தாங்கவல்லது அது. ஆயின் அப்பதிவுகள் யாவும் சன் என்னும் பெயரின்கீழேயே இருந்தன. 2010 ஜனவரியில் ஒராக்கிள் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. பதிவுகளின் முகவரியும் ஒராக்கிளின் பெயருக்கு மாறிற்று. எழுதியோரின் விருப்பத்தால் நேர்ந்த மாற்றமன்று அது. யாகூவின்கீழ் இருந்த ஜியோசிற்றீஸ் 2009 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவில் மூடப்பட்டபோதோ முகவரிகள் மாறவுமில்லை, மறைந்தே போயின. சொந்த ஆள்களப் பெயர் உடையோர்க்கு இக்கதி இல்லை. பெயருக்குரிய கட்டணத்தைச் செலுத்திவரும்வரை, சேவையகம் மாறினும் பெயர் அவருடன் செல்லும். வாசகர் பழைய முகவரியிலேயே வந்து சேர்வர்.

தனிப் பெயருக்குத் தனி இயந்திரம் வேண்டுமென அஞ்சுவது அறியாமையாகும். 1997இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நியமம், உலாவியானது தான் நாடும் தளத்தின் பெயரை ஒவ்வொரு வேண்டுகோளிலும் கூறவேண்டுமென விதித்தது. எனவே ஒரே எண் முகவரியில் நூறு பெயர்களும் குடியிருக்கலாம். ஜாவாச் சேவையகமான அப்பாச்சி டொம்கற் இதற்கான வழியைத் தன் அமைப்புக் கோப்பிலேயே தருகின்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பகுதி, அதற்குரிய கோப்புறை, மாற்றுப் பெயர் இருப்பின் அதற்கொரு வரி, வேலை அவ்வளவே. அவ்வரிகளை எழுதத் தவறினால், அறியாத பெயரில் வரும் வேண்டுகோள் இயல்பாகக் குறிக்கப்பட்ட தளத்துக்கே செல்லும். ஒருவரைத் தேடி வந்த வாசகர் மற்றொருவர் வாசலில் நிற்பார்.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றில் பல குடும்பங்கள் முறைவைத்து நீர் அள்ளும். எனினும் ஒவ்வொரு வளவுக்கும் வேலி உண்டு. இயந்திரத்தைப் பகிர்தல் நன்று. வேலியைப் பிடுங்குதல் நன்றன்று. மலிவை மட்டும் நோக்குவோர் செய்யும் இரண்டாவது தவறு இதுவே. முன்பின் அறியாத பலரின் வலைப்பதிவுகளை அவர்கள் ஒரே ஜாவா மெய்நிகர்ப் பொறிக்குள் அடைக்கின்றனர். ஒவ்வொரு செயலியின் நிரல்களையும் டொம்கற் தனித்தனியே ஏற்றுகின்றது என்பது மெய்யே. ஆனால் நினைவகம் பொது. இயங்கும் இழைகளும் பொது. ஒரு பதிவு நினைவகத்தை விழுங்கித் தீர்த்தால் அயலிலுள்ள பதிவுகளும் விழும். ஒருவருக்காகச் சேவையகத்தை மீள இயக்கினால் அனைவரும் நிற்பர். நிரலில் ஒரேயொரு கட்டளை முழுப் பொறியையும் நிறுத்திவிடக் கூடும். இத்தகைய கட்டளைகளைத் தடுப்பதற்கு முன்னர் ஜாவாவிலேயே ஒரு பாதுகாப்பு முகாமை இருந்தது. அது 2021இல் ஜாவா 17உடன் கைவிடப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 2025இல் ஜாவா 24உடன் முற்றாகச் செயலிழந்தது. உள்வேலி வீழ்ந்த பின்னரும் அந்நியரை ஒரே வளவில் குடியிருத்துவோரை என்னென்பது?

"ஒவ்வொருவர்க்கும் ஒரு பொறி கொடுத்தால் நினைவகம் போதாது" என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எந்தப் பொறியும் இயங்குவதற்கே ஓரளவு நினைவகத்தைக் கோரும். ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிவு அனைவரையும் ஒன்றாக அடைப்பதன்று. ஒருவரையொருவர் நம்பும் மன்றங்களும் சிற்றிதழ்களும் ஒரு பொறியைப் பகிரலாம். அந்நியர்க்கு வேறு பொறி வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் நினைவக உச்சவரம்பு விதித்தல் வேண்டும். முன்னால் நிற்கும் சேவையகம் பெயரைப் பார்த்து உரிய பொறிக்கு வேண்டுகோளை அனுப்பும். ஒரு பொறி வீழினும் ஏனையவை நிமிர்ந்து நிற்கும். இயந்திரம் ஒன்றே, செலவும் பங்கிடப்படுகின்றது.

தமிழிலேயே பெயர் கொள்ளும் வாய்ப்பும் நமக்கு உண்டு. ".இலங்கை" என்னும் மேல்நிலை ஆள்களம் 2010இல் ஏற்கப்பட்டது. சேவையகத்தின் கோப்பில் அப்பெயருக்கு நிகரான உரோம எழுத்து வடிவத்தைப் பதிந்தாற் போதும். வாய்ப்பிருந்தும் பிறர் பெயரின் நிழலில் ஒதுங்குவதற்குத் தொழில்நுட்பத்தைக் குறைகூறல் பொருந்தாது.

அச்சகம் யாருடையதாயினும் நம் சஞ்சிகையின் அட்டையில் அச்சகத்தின் பெயரை நாம் தலைப்பாக இடுவதில்லை. வலைப்பதிவுக்கும் அந்நியாயமே பொருந்தும். பெயர் யாருடைய பெயரிற் பதிவாகியுள்ளது? நம்முடன் ஒரே பொறியில் இருப்போர் யாவர்? இடம்மாற விரும்பின் எழுத்துக்களை முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா? இம்மூன்று வினாக்களையும் கேளாது எழுத்தை ஒப்படைப்பவர், பிறர் வளவிற் கிணறு வெட்டுபவரே ஆவர்.