தொழிற்சாலையை அழித்துவிட்டு ஆற்றைக் காட்டிய படம்: கணினித் திருத்தத்தில் ஆன்மிகம் இருக்க முடியுமா?

"இதுல என்ன இருக்கு? வெறும் புல்லும் தண்ணியும்தானே!" ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' படத்தைப் பார்த்ததும் பலருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். கீழே சாம்பல் நிறப் பாதை, அடுத்து புல்வெளி, நடுவில் ரைன் ஆறு, மறுபடி ஒரு பச்சைப் பட்டை, மேலே மேகம் மூடிய வானம். எல்லாமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. 1999-ல் உருவான இந்தப் படம், 2011 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஏலத்தில் ஒரு புகைப்படத்துக்கு அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

விலையை விடுங்கள். படத்தில் என்ன இல்லை என்பதுதான் விஷயம். எதிர்க்கரையில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. இந்தப் பக்கம் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருந்தார்கள். குர்ஸ்கி அத்தனையையும் கணினியில் துடைத்து எடுத்துவிட்டார். அங்கேயே போய் நின்றாலும் இப்படியொரு ரைனைப் பார்க்க முடியாது.

"அப்போ பொய்ப் படம்தானே, இதுல எங்கிருந்து ஆன்மிகம் வந்துச்சு?"

இதற்குப் பதில் தேட 200 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அதே ஜெர்மனியில் 1808 முதல் 1810 வரை காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைந்த ஓவியம் 'கடலோரத் துறவி'. இருண்ட கடல், பிரம்மாண்டமான வானம், கரையில் எறும்பு போல ஒரு துறவி. ஐரோப்பிய ஓவியத்தில் ஆன்மிகம் என்று பேச்செடுத்தாலே இதைச் சொல்வார்கள். அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது தெரியவந்த சங்கதி: ஃப்ரீட்ரிக் முதலில் கடலில் கப்பல்களையும் வரைந்திருந்தார், பிறகு அவற்றை மறைத்துவிட்டார். தூரிகையால் அழித்தால் தியானம், மவுஸால் அழித்தால் மோசடியா?

கப்பல் போனதும் தூரத்தை அளக்க எதுவும் இல்லை. கண் அலைகிறது, பிடிமானம் கிடைக்காமல் திகைக்கிறது. புதிர் அங்கேதான் பிறக்கிறது. குர்ஸ்கி இன்னும் ஒரு படி போனார். அவர் படத்தில் அந்தத் துறவியும் கிடையாது. சட்டத்தோடு சேர்த்து மூன்றரை மீட்டர் அகலம் கொண்ட அந்தப் படத்தின் முன் யார் வந்து நிற்கிறாரோ, அவர்தான் துறவி. (கைபேசியில் பார்த்துவிட்டு 'ஒண்ணுமில்லை' என்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளங்கை அளவுப் படத்துக்கு முன்னால் யாரும் துறவியாக முடியாது!)

உண்மையில் வலுவான எதிர்ப்பு வேறு. ரைன் சாதாரண ஆறு அல்ல, ஐரோப்பியத் தொழில்துறையின் முதுகெலும்பு. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, பூச்சிக்கொல்லி கலந்த நீர் ஆற்றில் இறங்கியது. தண்ணீர் சிவந்தது, விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அப்படிப்பட்ட ஆற்றின் கரையில் இருந்து தொழிற்சாலையை அழித்துவிட்டு 'அமைதி' என்று காட்டுவது எவ்வளவு தூரம் சரி?

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இதே படம் 'தூய்மையான ரைன்' என்ற தலைப்போடு செய்தியாக வந்திருந்தால் அது பச்சை மோசடி. ஆனால், அழித்ததை குர்ஸ்கி மறைக்கவில்லை; படத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சொல்வதே அதைத்தான். இன்று சுற்றுலா போகிறவர்கள், பின்னால் நிற்கும் அந்நியரைக் கைபேசியில் ஒரே தேய்ப்பில் காணாமல் ஆக்கிவிடுகிறார்கள். செய்வது அதே வேலைதான். ஆனால், போனவர் யார் என்று பிறகு யாரும் யோசிப்பதில்லை. 'ரைன் 2' முன்னால் நிற்பவருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் கண் சும்மா இருக்காது. எதிர்க்கரையின் அந்தப் பச்சைக் கோட்டில், கட்டடம் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும்.