டிரைவரை மாத்தினா டார்ச்சே மாறும்!

'டிரைவர்' என்றதும் ஸ்டியரிங்கைப் பிடித்த ஆளைத் தேடாதீங்க. இந்த வாரம் நாம கழற்றப்போகிற டிரைவருக்கு லைசென்ஸ் கிடையாது, காக்கிச் சட்டை கிடையாது. ஒரு ரூபாய் காசைவிடச் சின்னதாக, 17 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டத் தட்டு. அவ்வளவுதான். ஆனா பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'உனக்கு இவ்வளவு கரன்ட் போதும், இதுக்கு மேல கிடையாது' என்று கறாராக அளந்துவிடுகிற ஆசாமி இவர்தான்.

சொந்தமாக டார்ச் கட்டுகிற பசங்க முதல் காசை எல்.இ.டி.யில்தான் கொட்டுவாங்க. தப்பில்லை. 2010 கடைசியில் க்ரீ நிறுவனம் எக்ஸ்.எம்-எல் என்ற எல்.இ.டி.யை அறிவித்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 3 ஆம்பியர் கொடுத்தால் 1000 லூமன்! அதற்குப் பிறகு இன்னும் பெரிய ஆட்கள் வந்தாச்சு. ஆனாலும் வீட்டில் கட்டிய டார்ச்சுகளில் இன்றைக்கும் இவரைப் பார்க்கலாம். அதனால் நம்ம கணக்கை இவரை வைத்தே போடுவோம்.

இந்த எல்.இ.டி. 0.7 ஆம்பியர் இழுக்கும்போது அதன் குறுக்கே சுமார் 2.9 வோல்ட் இருக்கும். 3 ஆம்பியர் இழுக்கும்போது? சுமார் 3.35 வோல்ட்தான். கவனிச்சீங்களா, அரை வோல்ட்கூடக் கூடவில்லை, கரன்ட் நாலு மடங்கு தாண்டிவிட்டது. நம்ம 18650 லித்தியம் செல்லோ ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட், தீரும்போது 3 வோல்ட் பக்கம். நேராக இணைத்தால் முதலில் தலைதெறிக்க ஓடும், அப்புறம் தள்ளாடும்.

இதுக்கு ஏழைப் பங்காளன் வழி, ஒரு ரெசிஸ்டர். 1 ஓம் போட்டுப் பாருங்க. செல் 4.1 வோல்ட்டில் இருக்கையில் 1.1 ஆம்பியர் ஓடும். 3.6க்கு இறங்கினால் 0.7. 3.3 வந்தால் அரை ஆம்பியர்கூட இல்லை. மொட்டை மாடியில் ஏறும்போது இருந்த வெளிச்சம் இறங்கும்போது இருக்காது!

இந்த இடத்தில்தான் நம்ம ஹீரோ வர்றார். பெயர் ஏ.எம்.சி.7135. மூணு கால் வைத்த குட்டிச் சிப். ஒரு சிப் 350 மில்லி ஆம்பியரை மட்டும் விடும். செல் 4.1ல் இருந்தாலும் சரி, 3.6ல் இருந்தாலும் சரி, அதே 350தான். நாலு சிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1.4 ஆம்பியர், எட்டு வைத்தால் 2.8. எல்.கே.ஜி. கணக்கு!

அதனால்தான் நாலு சிப் டிரைவர் போட்டு டார்ச் கட்டிய எல்லாருக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும். "இன்னும் நாலு சிப்பை இதன் தலைமேல் ஏற்றி, காலோடு காலைச் சால்டர் பண்ணிட்டா?" செய்யலாம். நிறைய பேர் செய்கிறார்கள். செய்வதற்கு முன் ஒரு பேப்பரை எடுங்க.

கரன்ட் இரண்டு மடங்கு. வெளிச்சம் இரண்டு மடங்கா? இல்லை. கரன்ட் ஏற ஏற எல்.இ.டி.யின் திறன் குறையும். கிடைப்பது சுமார் 1.7 மடங்குதான். சரி, தூரமாவது போகுமா? வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும் என்று பிளஸ் டூவில் படிச்சீங்களே, அது இங்கே வந்து உட்காரும். முன்பு 100 மீட்டரில் இருந்த மரம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததோ, அதே தெளிவு இப்போது 130 மீட்டரில். 30 மீட்டர் லாபம். கொடுத்த விலை? 2600 மில்லி ஆம்பியர்-அவர் செல் முன்பு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது, இனி 55 நிமிஷம். எல்.இ.டி. தின்ற மின்சாரம் 4.3 வாட், இனி 9 வாட்டுக்கும் மேல். அதில் பெரும்பகுதி வெளிச்சமாகப் போகாது, சூடாகத்தான் போகும். போதாததுக்கு, புது சார்ஜில் மிச்ச வோல்டேஜை எல்லாம் 7135 சிப்புகள் சூடாக்கியே தீர்க்கும். அது ஒரு 2 வாட். மேல்மாடியில் ஏற்றிய சிப்புகளுக்கு அந்தச் சூட்டை இறக்கிவைக்க நல்ல வழியும் இல்லை.

எல்.இ.டி. உட்காரும் நட்சத்திரத் தட்டைச் செம்பில் மாற்றி, அடியில் தெர்மல் பேஸ்ட் தடவி, அதைப் பித்தளைப் பில்லோடு அழுத்தமாகத் திருகாமல் இந்த 2.8 ஆம்பியர் வேலையில் இறங்காதீங்க. டார்ச் உடம்பு கை சுடுகிறதா? சந்தோஷம், சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். ஃபுல்லில் பத்து நிமிஷம் எரிந்தும் உடம்பு ஜில்லுனு இருந்தால்தான் பயப்படணும்.

என்னைக் கேட்டால், டிரைவரை மாற்றுகிற காசுக்கு வாங்க வேண்டியது அந்த 30 மீட்டர் இல்லை. மூணு விஷயம். ஒண்ணு, கீழ் லெவல். ஒரே ஒரு 7135 எரிகிற லெவலில் அதே செல் ஏழு மணி நேரம் தாண்டும். கரன்ட் போன ராத்திரியில் ஹாஸ்டல் ரூமில் ரெக்கார்டு நோட்டு எழுத அந்த வெளிச்சம் தாராளம். இரண்டாவது, செல் 3 வோல்ட்டைத் தொடும்போது தானாக மங்கலாக்கி நிறுத்துகிற புத்தி. மூணாவது, சூடு ஏறினால் தானே கரன்ட்டைக் குறைத்துக்கொள்கிற புத்தி. இதற்கெல்லாம் தட்டில் ஏ.டி.டைனி13 மாதிரி ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் இருக்கணும். ஈ.சி.இ. பசங்களுக்கு இது அல்வா. புரோகிராமைக்கூட நீங்களே எழுதி ஏற்றலாம்.

வாங்கிய டிரைவர் உருப்படியா என்று பார்க்க ஃபேன் போதும். டார்ச்சைக் கீழ் லெவலில் வைத்து, சுத்துற இறக்கைமேல் அடிங்க. இறக்கை உடைந்து உடைந்து நிற்கிற மாதிரி தெரிந்தால், விளக்கை அணைத்து அணைத்து எரிக்கிற வேகம் ரொம்பக் குறைவு என்று அர்த்தம். அதில் படித்தால் தலைவலி நிச்சயம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. 7135 எல்லாம் எதுக்கு, மாஸ்ஃபெட் போட்டுக் கதவை முழுசாத் திறந்துவிடு என்பாங்க. எல்.இ.டி.யும் செல்லும் தாங்கினால் 4, 5 ஆம்பியர்கூடப் பாயும். முதல் ரெண்டு நிமிஷம் தெருவே பகலாகும். அப்புறம்? செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். ரெசிஸ்டர் கதைதான், ஹை பட்ஜெட்டில்! நண்பர்களிடம் காட்டிக்க ஓகே, மலையேறப் போக அல்ல. இதிலும் பக்கத்தில் ஒரு 7135 வைத்த தட்டாகப் பார்த்து வாங்கினால் கீழ் லெவலாவது ஒழுங்காக இருக்கும்.

மாற்றி முடிச்சாச்சா? டார்ச்சின் பின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, செல்லின் அடிப்பகுதிக்கும் டார்ச் உடம்புக்கும் நடுவே வைங்க. 2.8 வரவேண்டிய இடத்தில் 2.3தான் காட்டுதா? டிரைவரைத் திட்டாதீங்க. மீட்டரோடு வந்த ஒல்லி ஒயரே கரன்ட்டைத் தடுத்திருக்கும். தடிமனான ஒயரைச் சின்னதா வெட்டிப் போட்டு மறுபடி பாருங்க. அப்பவும் குறைஞ்சா ஸ்பிரிங்கைச் சந்தேகப்படலாம். அதோடு சேர்த்து ஒரு செம்பு ஒயரைச் சால்டர் பண்ணினால், செலவே இல்லாத அப்கிரேடு.

ஒரே செல் டார்ச்சில் இன்னொரு செல்லை வரிசையாகச் சேர்த்து 8.4 வோல்ட் கொடுக்கிற யோசனை மட்டும் வேண்டாம் பாஸ். 7135ன் எல்லை 6 வோல்ட்; அடுத்த நொடி புகைதான். இரண்டு செல்லுக்கு 'பக்' வகை டிரைவர் தனியாக இருக்கிறது, அதை வாங்குங்க.

கடைசியா செல். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல் 350 மில்லி ஆம்பியருக்கு ஓகே, 2.8க்குத் திணறும். 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்த செல்லுக்கு மறுபடி சார்ஜ் போடவே கூடாது. உள்ளே செம்பு கரைந்து, பிறகு ஷார்ட் ஆகலாம். மூடிய அலுமினியக் குழாய்க்குள் லித்தியம் செல் கோபித்துக்கொண்டால் வாயு வெளியேற வழி இருக்காது. அந்தக் குழாய் உங்க கையில்தான் இருக்கும். புதுசு வாங்கும்போது '9900' என்று அச்சடித்த 18650ஐ யாராவது நீட்டினால் சிரிச்சுட்டு நகருங்க. நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 2000லிருந்து 3600க்குள்தான். சந்தேகமா, பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்க. நிஜ செல் பெரும்பாலும் 45 கிராம் பக்கம் இருக்கும். முப்பதுதான் காட்டினால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க.