வானில் ஒரு சனி; பஞ்சாங்கத்தில் இரண்டு

2023-ஆம் ஆண்டில் சனி கிரகம் மகர ராசியிலிருந்து கும்ப ராசிக்கு இரண்டு முறை பெயர்ந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி ஜனவரி 17-ஆம் தேதி. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி டிசம்பர் 20-ஆம் தேதி. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் டிசம்பரில்தான் சனிப்பெயர்ச்சி விழா நடைபெற்றது. 2025-இல் மீண்டும் அதே குழப்பம். மார்ச் 29-இல் சனி மீன ராசிக்குச் செல்வதாகத் திருக்கணிதம் கூற, தங்கள் கணக்கின்படி அடுத்த ஆண்டில்தான் பெயர்ச்சி என்று கோயில் தரப்பு விளக்கம் அளிக்க நேர்ந்தது.

வானில் இருப்பதோ ஒரே சனி. அது எப்படி ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை பெயர முடியும்?

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சனி மனித வாழ்வில் தாக்கம் செலுத்துகிறதா என்பது நம்பிக்கை சார்ந்தது. அதற்கு வானியலில் சான்று ஏதுமில்லை. ஆனால், சனி இன்றிரவு வானில் எங்கே இருக்கிறது என்பது நம்பிக்கை சார்ந்தது அல்ல. மேகமில்லாத இரவில் எவரும் வெறும் கண்ணால் பார்த்தறியக் கூடியது அது. 2023 டிசம்பர் 20-ஆம் தேதி, திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குள் ஏறத்தாழ எட்டு பாகை கடந்து சென்றிருந்தது. முழுநிலவின் அகலம் அரை பாகை. அப்படியானால் பதினாறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு வேறுபாடு.

வாக்கிய முறையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எண்களை எழுத்துகளாக்கி, எழுத்துகளைச் சிறு சொற்றொடர்களாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து கோள்களின் நிலையைக் கணித்த அரிய முறை அது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. 1825-இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத்தின் துணையோடு சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடமே. அது முடியும் நேரத்திலோ 52 நிமிடம். அந்த மரபின் பெருமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் பதிவு அது.

எந்தக் கணக்காயினும் தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெரும் பிழையாகத் திரளும். இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கேரளத்தின் பரமேஸ்வரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கைத் திருத்தி 1431-இல் ‘திருக்கணிதம்’ வகுத்தார். இச்சொல்லில் உள்ள ‘திருக்’ என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல். கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, நூல்களில் உள்ள கணக்கை அவ்வப்போது வானோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். அவர் நாத்திகர் அல்லர். சோம வேள்வி செய்தவர் என்பதைப் பெயரிலேயே தாங்கியவர்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். அவரே தொலைநோக்கியின் துணைகொண்டு பெற்ற அறிவால் பஞ்சாங்கத்தைத் திருத்தி வெளியிட்டார். அறிவியலும் ஆசாரமும் அவரிடம் மோதிக்கொள்ளவில்லை.

விடுதலைக்குப் பின் 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் இதையே சொன்னது. பழைய சித்தாந்தங்களின் ஆண்டுக் கணக்கு, பருவங்களின் ஆண்டைவிடச் சற்றே நீளமானது. அதனால் நம் பண்டிகைகள் பருவங்களிலிருந்து சுமார் 23 நாள் விலகிவிட்டன என்று அது சுட்டிக்காட்டியது. 1957-இல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அது இருக்கிறது. வீட்டுச் சுவரில் இல்லை.

‘வாக்கியம் ரிஷிகள் அருளியது, அதில் கைவைக்கலாகாது’ என்பது ஒரு தரப்பின் வாதம். ‘ஊர் கூடி ஒரே நாளில் வழிபடுவதுதான் முக்கியம், துல்லியம் அல்ல’ என்பது இன்னொரு வாதம். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. திருவிழா என்பது சமூகத்தின் உடன்பாடு. அப்படியானால், ‘இது எங்கள் மரபு குறித்த நாள்’ என்று சொல்வதே நேர்மை. ‘இன்றுதான் சனி பெயர்கிறது’ என்பது வானைப் பற்றிய கூற்று. அதற்கு வானம்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

முதல் வாதமோ தன்னைத்தானே மறுக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகண நேரத்தைத் திருக்கணிதப்படியே அச்சிடுகின்றன. காரணம் எளிது. கிரகணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கும்; நேரம் தவறினால் குழந்தையும் கேள்வி கேட்கும். சனியை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் இடத்தில் அறிவியல், பார்க்காத இடத்தில் மரபு என்றால், அது ரிஷிகளின் வாக்குக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கண்டுபிடிப்புகளால் நம்பிக்கை அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நீலகண்டரின் பக்தி, கணக்கைத் திருத்தியதால் குறைந்துவிடவில்லை. சனிப்பெயர்ச்சி நெருங்கும்போதெல்லாம் பரிகாரம் தேடி அலைவோரில் பெரும்பாலோர் எளிய மக்கள். எந்த நாளில் செய்த பரிகாரம் செல்லும் என்ற கவலையையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டுமா? பஞ்சாங்கக் கணிதர்களும் ஆகம அறிஞர்களும் வானியலாளர்களும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பேசலாம். அதற்கு முன், ஓர் இரவு மொட்டை மாடிக்குச் சென்று சனி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். பரமேஸ்வரர் செய்தது அதைத்தான்.