கிரெய்ன் சின்னதா இருந்தா நல்லது... எப்பவுமேவா?

போன செமஸ்டரில் "கிரெய்ன் அளவு குறைந்தால் உலோகத்துக்கு என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி. ஹால்-பெட்ச் சமன்பாட்டைப் போட்டு, "வலிமை கூடும், எனவே எப்போதும் நல்லது" என்று முடித்தேன். முழு மார்க். அந்த "எப்போதும்" தப்பு என்பதுதான் என் புலம்பல். (முழு மார்க் வாங்கிவிட்டுப் புலம்புகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் :-))

சந்தேகம் வந்த இடம் முட்டுக்காடு படகுத்துறை. பல்லுக்கு கிளிப் போட்ட நண்பன் ஐஸ்கிரீம் தின்றதும் "கம்பி லூசாயிடுச்சு மச்சி" என்றான். பின்னாலேயே டீ குடித்தான், திரும்ப இறுகிவிட்டது. அந்தக் கம்பி நிக்கல்-டைட்டானியம் கலவை, நிட்டினால் என்பார்கள். குளிரில் மார்ட்டென்சைட், சூட்டில் ஆஸ்டினைட் என்று அணுக்களின் அடுக்கு மாறுகிறது. வடிவத்தை ஞாபகம் வைக்கிற வித்தை முழுக்க இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

மாறும்போது ஒவ்வொரு கிரெய்னும் தன் உருவத்தைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். முட்டுக்காடு கழியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தண்ணீரில் படகைத் திருப்புவது சுலபம். துறையில் நெருக்கிக் கட்டியிருக்கும் இடத்தில் நாலு பக்கமும் இடிக்கும். கிரெய்ன் சின்னதாக ஆக ஆக எல்லைகள் பெருகுகின்றன. பக்கத்துக் கிரெய்ன்கள் அசைய விடுவதில்லை. அதனால் மாற்றம் தொடங்கவே இன்னும் அதிகமாகக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 50 நானோமீட்டருக்குக் கீழே இருந்த நிட்டினால் கிரெய்ன்கள் குளிர்வித்தும் மார்ட்டென்சைட் ஆகவே இல்லை. வலிமை இருக்கிறது, வித்தை போய்விட்டது!

அப்படியானால் பெரிசுதான் நல்லதா? அதுவும் இல்லை. கிரெய்ன் ரொம்பப் பெரிதான நிட்டினாலை வளைத்தால் அணு அடுக்குகள் நிரந்தரமாக நழுவிவிடும், பழைய வடிவம் முழுசாகத் திரும்பாது. ஆனால் செம்பு-அலுமினியம்-மாங்கனீஸ் கலவையில் கதை தலைகீழ். ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தார் 2013-ல் அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆறவிட்டு, கிரெய்னை சென்டிமீட்டர் கணக்கில் வளர்த்தார்கள். பூகம்பத்தைத் தாங்கும் கட்டடக் கம்பிகளுக்கு இது உதவும் என்பது அவர்கள் கணக்கு.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இதே ஈசிஆரில் தெற்கே, மகாபலிபுரம் தாண்டினால் கல்பாக்கம். அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலன்கள் 9 சதவீத குரோமியம் சேர்ந்த எஃகால் ஆனவை. வடிவ நினைவு கிடையாது, ஆனால் அதே ஆஸ்டினைட்-மார்ட்டென்சைட் குடும்பம். இந்த வகை எஃகை வெல்டிங் செய்யும்போது பற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டையில் கிரெய்ன் பொடியாகிவிடும். பல வருடம் சூட்டில் பாரம் சுமந்தால் பெரும்பாலும் முதலில் விரிசல் விடுவது அந்தப் பட்டை பக்கம்தான். 'டைப் ஃபோர்' விரிசல் என்று பெயர். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், எஃகில் போரான் சேர்த்து இதைத் தடுக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் பாடத்திலோ ஹால்-பெட்ச் ஒரு யூனிட், மார்ட்டென்சைட் வேறொரு யூனிட். இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வியாவது கேட்டால் என்ன? அதுவரை ஜூனியர்களுக்கு ஒன்று: "எப்போதும்" என்று எழுதினால் மார்க் உறுதி. நான் மேலே சொன்னதை எழுதினால் கிடைக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.