கொழுந்துக் கணக்கும் கணினிக் கணக்கும்



கடந்த மாதம் ஹற்றனுக்குப் போயிருந்தேன். வன்னி முகாமில் பழக்கமான ஒரு சகோதரியின் வீட்டில் தங்கினேன். 1983 ஆம் ஆண்டு வன்செயலின்போது பெற்றோருடன் தோட்டத்தை விட்டு ஓடிக் கிளிநொச்சியில் குடியேறியவர் அவர். 2009 இல் கணவரை இழந்தார். பத்து வயது மகளுடன் முகாமில் இருந்துவிட்டு, தம்பியின் லயத்துக்கே திரும்பி வந்தார். கொழுந்து பறித்தே மகளைப் படிக்க வைத்தார்.

அந்த மகள் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தற்காலிகப் போதனாசிரியராக ஒரு வருடம் பணியாற்றினாள். ஒப்பந்தம் முடிந்தது. நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு போக வசதியில்லை. இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் தரவுப் பொறியியலாளராகச் சேர்ந்திருக்கிறாள்.

“இவ்வளவு படிச்சிட்டு, கடைசியில கொம்பியூட்டர்ல கணக்கெழுதப் போயிட்டாளே அக்கா. படிச்சதெல்லாம் வீணாப் போகுமா?” என்று தாய் கேட்டார். பிள்ளைகளைப் படிக்க வைத்த பல தாய்மாரின் மனதிலும் இக்கேள்வி இருக்கும். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

தரவுப் பொறியியல் என்றால் என்ன? தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலையில் கொழுந்து நிறுக்கிறார்கள். கணக்கப்பிள்ளை எடையைக் குறிக்கிறார். அது செக்ரோலில் ஏறுகிறது. அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகிறது. மாத முடிவில் சம்பளச் சீட்டாக உங்கள் கைக்கு வருகிறது. இடையில் ஓரிடத்தில் இரண்டு கிலோ விடுபட்டால் யாருக்கு நட்டம்? நமக்குத்தான்.

ஒரு வங்கியிலோ பெரிய கடையிலோ நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான பதிவுகள் பல இடங்களிலிருந்து வந்து சேருகின்றன. அவற்றைச் சேர்த்து, பிழை பார்த்து, ஒழுங்காக அடுக்கி, மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும். அது ஒவ்வொரு நாளும் தானாகவே நடக்கும்படி கணினியில் வழி அமைப்பதுதான் தரவுப் பொறியியலாளரின் வேலை.

விஞ்ஞானம் படித்தவர் இந்தப் பக்கம் வருவது புதிய விடயமல்ல. அதிலும் தேயிலைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. வணிக அலுவலக வேலைக்கென உலகில் முதன்முதலாக அமைக்கப்பட்ட கணினி இலண்டனில் லயன்ஸ் என்ற தேயிலை, பேக்கரி நிறுவனத்தில் உருவானது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. பின்னர் ஊழியர் சம்பளமும் தேயிலைக் கலவைக் கணக்கும் அதில் ஏறின.

அதைக் கட்டியெழுப்பிய ஜோன் பிங்கர்ட்டன் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்தவர். விஞ்ஞான இதழொன்றில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து, 1949 இல் தேயிலைக் கம்பனிக்கு வந்தார். 1952 இல் மேரி கூம்ஸ் என்ற பெண் லியோவுக்கு நிரல் எழுதச் சேர்ந்தார். அவர் படித்ததோ பிரெஞ்சு மொழி. வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைப் போற்றுகிறார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணிதம் படித்து, 1966 இல் இலண்டனில் கோட்பாட்டுப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாடு திரும்பிய பின் புள்ளிவிபரவியலுக்கும் கணினிக்கும் திரும்பினார். 2002 இல் அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் முதற் பணிப்பாளர் அவரே. 2007 இல் காலமானார். அவர் படித்த பௌதிகவியல் வீணாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

ஆய்வுகூடத்தில் படித்த பிள்ளைக்குச் சில நல்ல பழக்கங்கள் உண்டு. அளந்ததை உடனே எழுதும். எண் ஒன்று விசித்திரமாகத் தெரிந்தால், கருவி பிழையா, நான் பார்த்தது பிழையா என்று சந்தேகப்படும். இன்னொருவர் வந்து செய்தாலும் அதே முடிவு வரும்படி குறிப்பு வைக்கும். இந்த மூன்றும்தான் புதிய வேலைக்கும் அத்திவாரம்.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்.கியூ.எல் மொழியை முதலில் படிக்க வேண்டும். அடுத்து பைதன் மொழி. அதன் பின் பலர் சேர்ந்து எழுதும் நிரலைப் பாதுகாக்கும் முறை. இவற்றை இணையத்தில் இலவசமாகவே பழகலாம். ஒழுங்கான பட்டம் வேண்டுவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆங்கிலம் அவசியம். இதைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லி வையுங்கள். பெரும் தொகை கேட்டு “வேலை நிச்சயம்” என்று விளம்பரம் செய்யும் இடங்களில், விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

இந்த மாற்றம் வலிக்காது என்று சொல்லமாட்டேன். “ஆராய்ச்சி செய்யணும்னு ஆசைப்பட்டேன் மாமி. பல்கலைக்கழகத்தை விட்டு வரும்போது அழுதுட்டேன்” என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னாள். அங்கே ஒரு கேள்வியோடு ஒரு வருடம் இருக்கலாம். இங்கே நாளைக் காலைக்குள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். அது வேறு வாழ்க்கை. அழுதுவிட்டுப் போவதிலும் தவறில்லை.

ஆனால் அவள் சொன்ன இன்னொரு விடயம் என் மனதில் நிற்கிறது. அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரே ஆளின் பெயர் பலவிதமாகப் பதியப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவது. அதைச் செய்தபோது அவளுக்குத் தன் மாமியின் ஞாபகம் வந்ததாம். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் அந்த மாமி. செக்ரோலில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏழு மாதம் அலைந்த பிறகே ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தது.

“ஒரு எழுத்துப் பிழைக்குப் பின்னால ஒரு மனுஷி நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும் மாமி. கூட வேலை செய்றவங்களுக்கு அது தெரியாது” என்றாள். முகாமில் பதிவுக்கு வரிசையில் நின்ற பிள்ளை அல்லவா? பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, தன் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் எடுத்து வந்து மகளிடம் நீட்டினார். “என் பேரு சரியா இருக்கான்னு பாரு” என்றார்.

சகோதரிகளே, நீங்களும் இன்றே பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் மூன்றிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? இல்லையென்றால், வேலையில் இருக்கும்போதே திருத்த விண்ணப்பியுங்கள். படித்த பிள்ளை வீட்டிலிருந்தால், அந்தப் பிள்ளையையே உதவிக்கு அழையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.